ரிவர்ஸ் கியரில் வந்த தாய்மாமன்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதித்ததில்லை. ஆனால் கோவையைச் சுற்றி இருக்கிற கிணறுகளைக் கேட்டுப் பாருங்கள், என்னைத் தெரியும் என்று சொல்லும். பீளமேட்டில் ஒரு வாடகைக் கொட்டகை, யாரோ கழித்துப் போட்ட ஒரு பழைய லேத்து, இரண்டையும் வைத்துத்தான் தொழிலை ஆரம்பித்தேன். கரண்ட் இல்லாத நாளில் ஆயில் இன்ஜினுக்குப் பெல்ட் மாட்டி லேத்தை ஓட்டினேன். இவன் செய்கிற பம்பில் தண்ணீர் மேலே வராது, இவன்தான் கிணற்றுக்குள் போவான் என்று சிரித்தவர்களின் தோட்டத்தில் இன்றைக்கும் என் பம்புதான் தண்ணீர் இறைக்கிறது. பிறகு இரும்பு உருக்கி ஊற்றும் பட்டறையைக் கட்டினேன். சிமெண்டு கிடைக்காத காலத்தில் வீடு கட்டினேன். இங்கிலீஷில் என் பெயரை எழுதத் தெரியாது, ஆனால் என் பம்பு கப்பலேறி ஆப்பிரிக்கா வரை போயிருக்கிறது.

இத்தனைக்கும் மேலே ஒரு கார் செய்தேன். நான் சொல்லப்போவது அந்தக் காரைப் பற்றித்தான்.

குன்னூர்ப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டுக்கு மோட்டார் மாட்டப் போயிருந்தபோது, பின்னால் ஒரு கொட்டகையில் வெள்ளைக்காரர் விட்டுப்போன கார் ஒன்று கிடந்தது. மேல்கூரை கிடையாது. இரண்டே சீட்டு. அதிலும் ஒன்றில் கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்தக் கார்க் கூட்டை லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் வழியாக இறக்கி வந்தேன். உடைந்ததை வார்த்தேன், இல்லாததைக் கடைந்தேன், துருப்பிடித்த தகட்டையெல்லாம் எடுத்துவிட்டு அலுமினியத்தைச் சுத்தியால் தட்டித் தட்டிப் புது உடம்பு கொடுத்தேன். நம் ஊர் வண்டித்தடத்தில் அடி இடிக்கக்கூடாது என்று ஸ்பிரிங்கை ஏற்றி வைத்தேன். செய்து முடித்தபோது நாலு பேர் சேர்ந்தால் தூக்கி அந்தப்பக்கம் வைத்துவிடலாம், அவ்வளவு லேசு. மிதித்தால் சிட்டாகப் பறக்கும். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கூரை போடுவதற்குள் தகடு தீர்ந்துபோய்விட்டதா என்று கேட்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்காமல் கேட்டார்கள், அதுதான் வேடிக்கை.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம். வெளிநாட்டுக் கார்கள் அப்போதுதான் அவிநாசி ரோட்டில் ஒன்றிரண்டு கண்ணில் படும். அந்த ரோட்டில் மில் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் இளைய முதலாளி ஒருநாள் என் பட்டறைக்கு வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். சீமையில் படித்தவர். வாலிபத்தில் பந்தயக் கார் ஓட்டியவர். என் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டு, ஓட்டிவிட்டு வந்து, இறங்க மனமில்லாமல் உட்கார்ந்தே இருந்தார். கடைசியில், "அண்ணா, இதை எனக்குக் குடுங்க. என்ற காரை நீங்க எடுத்துக்குங்க" என்றார்.

அவருடைய காரை நான் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் செய்தது. கறுப்பு. கதவு இரண்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு நிலைக்கதவு நீளம். உள்ளே தோல் சீட்டு, குளுகுளு ஏசி, பொத்தானை அமுக்கினால் ஏறி இறங்கும் கண்ணாடி. வேகமாகவும் ஓடும், மெத்தையில் படுத்த மாதிரியும் இருக்கும். கூபே என்று அதற்குப் பெயர் சொன்னார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குச் சபலம் தட்டிவிட்டது. நான் எத்தனை பம்பு செய்தாலும் பெரிய இடத்துக் கல்யாணங்களில் என்னை 'லேத்துக்காரர்' என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். அந்தக் கறுப்புக் கார் என் வீட்டு வாசலில் நின்றால் அப்புறம் யார் அப்படிச் சொல்வார்கள்? இன்னொரு பக்கம், என் காரை ஒருவருக்குக் கொடுப்பதென்றால் கையை வெட்டிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. ராத்திரியெல்லாம் புரண்டேன்.

காலையில் ஒரு யோசனை வந்தது. எங்கள் பக்கம் சந்தையில் மாடு மாற்றிக்கொள்ளும்போது வாயால் பேசி முடிக்க மாட்டோம். என் மாட்டை நீ கொண்டுபோ, உன் மாட்டை நான் கொண்டுபோகிறேன், ஏரில் பூட்டிப் பார்ப்போம், சண்டி பண்ணினால் திருப்பிக்கொள்வோம். அதையே முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியே செய்வோமுங்க என்று சாவியைக் கொடுத்துவிட்டு என் சாவியை வாங்கிக்கொண்டு போனார். அந்த வார முடிவில்தான் தொண்டாமுத்தூர்ப் பக்கம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். அவருக்கும் நானே பத்திரிகை வைத்தேன். என் காரில் வாருங்கள், நான் உங்கள் காரில் வருகிறேன், கல்யாணத்தன்று முடிவு சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அந்தக் கல்யாணம் எனக்கு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் தங்கை மகள் பிறந்த அன்றைக்கு முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள். காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்து அழுதாள். எங்கள் வழக்கத்தில், தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்துக் கூட்டிவந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். மாமன் வராவிட்டால் மாமனின் பங்காளி ஒருவர் அந்த முறையைச் செய்துவிடுவார். எனக்கு ஒரு பங்காளி இருந்தார். பெரியப்பா மகன். நான் கொட்டகை பிடித்த நாளிலிருந்து என்னைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர் கையில் அந்த மாலை போவதை என்னால் நினைத்தே பார்க்க முடியாது.

கல்யாணம் மண்டபத்தில் இல்லை, தங்கையின் தோட்டத்தில் பந்தல் போட்டு. முதல் நாளே நானும் என் மனைவியும் பட்டறை வேனில் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மாமன் சீரோடு காலையில் முறைப்படி வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினோம். சீரை அன்றைக்கே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் அந்தக் காரை இருட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் யார் பார்ப்பது?

காலையில் கிளம்பினோம். சீர்த்தட்டும் பட்டும் மாலையும் பின்சீட்டில். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியில் ஒரு லாரி போனாலும் கேட்கவில்லை. வழக்கம்போல நான் பேசிக்கொண்டே ஓட்டினேன். பேரூர் தாண்டும்போது என் மனைவி ஒரு மாதிரி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இன்னிக்குத்தானுங்க நீங்க பேசறது முழுசாக் காதுல உழுகுது."

அப்படியானால் இத்தனை நாள் நம் வண்டியில் பேசினது என்று கேட்டேன். அந்தக் காற்றில் ஒன்றும் கேட்காது, தலையை மட்டும் ஆட்டிக்கொள்வேன் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்பை உன்னிடம் கேட்டுவிட்டுத்தானே வாங்கினேன் என்றேன். "என்னத்தக் கேட்டீங்களோ, நான் என்னத்தக் கண்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள். அத்தனை வருடமாக அந்தத் திறந்த காரில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முதுகு வலியைச் சொல்லாமல், கேட்காத பேச்சுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இந்தச் சீட்டில் உட்கார்ந்தால் முதுகு இருக்கிறதே தெரியவில்லை என்றும் சொன்னாள். அந்த நிமிஷம் நான் முடிவு பண்ணிவிட்டேன். மாற்றிக்கொள்வோம். கூபேதான்.

தொண்டாமுத்தூர் தாண்டித் தோட்டத்துக்குத் திரும்பும் மண் ரோட்டில் மாப்பிள்ளை வீட்டுப் பஸ் ஒன்று திருப்ப முடியாமல் குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் வேனும் காரும் வரிசை கட்டி நின்றன. முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது, காத்திருந்திருக்கலாம். ஆனால் இந்தக் காரை வைத்துக்கொண்டு வரிசையில் கடைசியில் நிற்பதா? பக்கத்தில் ஒரு இட்டேரி பிரியும். இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே மாட்டு வண்டி போகிற சந்து. என் வண்டி அதில் வழுக்கிக்கொண்டு போகும், எத்தனையோ தடவை போயிருக்கிறேன். திருப்பினேன்.

"ஏனுங்க, இது நம்ம வண்டி இல்லீங்க. அகலம் பாத்து உடுங்க" என்றாள். எனக்குத் தெரியாத இட்டேரியா என்று உள்ளே விட்டேன்.

கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. ஒரு வளைவில் ஒரு பக்கம் கல்கட்டு, மறுபக்கம் கிளுவைச் செடி வேலியும் அதைத் தாங்கும் கல்லுக்காலும். நெருங்கிக்கொண்டே வந்து, அடியில் கரகரவென்று ஒரு சத்தம். இரண்டு சக்கரத் தடத்துக்கும் நடுவில் இருக்கிற மண்மேட்டில் காரின் வயிறு போய் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சக்கரம் சுற்றுகிறது, புழுதி எழும்புகிறது, கார் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இறங்கிப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தால் ஒரு சாண் திறந்து கல்லில் இடித்தது. அந்தப் பக்கக் கதவு கல்லுக்காலில் இடித்தது. அவ்வளவு நீளக் கதவை அவ்வளவு ஒடுங்கின இடத்தில் திறக்க முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. கல்கட்டின் மேல் நின்றிருந்த ஒரு வெள்ளாடு கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டு அசை போட்டது.

தோட்டம் அங்கிருந்து அரை மைல். கதவு திறந்த இடுக்கு வழியாக மேளச் சத்தம் லேசாகக் கேட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது, ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பங்காளி புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணவறைப் பக்கமாக நடமாடுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஹாரனில் கையை வைத்து அமுக்கினேன், எடுக்கவே இல்லை. என் மனைவி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "பொண்ணு உங்களத்தான் தேடிட்டு இருப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

பந்தலில் நடந்ததை அப்புறம் சொன்னார்கள். எங்கள் பக்கம் கல்யாணம் நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் மாமன் எங்கே, மாமன் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் சித்த நேரம் பார்ப்போம், அப்புறம் பங்காளி செய்யட்டும் என்று சொல்லிவிட்டாராம். பங்காளி துண்டை இடுப்பில் கட்டியேவிட்டாராம். அந்த நேரத்தில் மில் முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார். தூரத்தில் கேட்பது தன்னுடைய கார் ஹாரன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே என் காரை எடுத்துக்கொண்டு, சத்தம் வந்த திசையில் இட்டேரிக்குள் விட்டிருக்கிறார்.

எதிரில் என் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருவதைப் பார்த்தேனே, என் ஆயுசில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. வந்து மூக்கோடு மூக்கு உரச நின்றது. அவர் கதவைத் திறக்கவில்லை, தாண்டிக் குதித்தார். எங்கள் நிலைமையைப் பார்த்தார். தன் காருக்கு என்ன ஆயிற்று என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணா, தலைக்கு மேல ஒரு பொத்தான் இருக்குதுங்க. அமுக்குங்க."

அமுக்கினேன். கூரை திறந்தது. அந்தக் காரில் கூரை திறக்கும் என்று யார் கண்டது? முதலில் சீர்த்தட்டு மேலே போனது, அப்புறம் பட்டு, அப்புறம் மாலை, அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான். தோல் சீட்டின் மேல் ஏறி நின்று, கூரை வழியாக வெளியே வந்து, பானெட்டில் சறுக்கி இறங்கினேன். என் மனைவி உள்ளேயிருந்து அண்ணாந்து பார்த்து, "கூரை இருக்குதுன்னுதானுங்க இந்தக் காருக்கு ஆசைப்பட்டேன்" என்றாள். அவளையும் நானும் முதலாளியுமாகக் கைகொடுத்து ஏற்றினோம். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறவரைத் தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று தூக்கினவர்களுக்குத்தான் தெரியும்.

என் வண்டியில் இரண்டு சீட்டு, ஆள் மூன்று. மனைவி சீட்டில் உட்கார்ந்து சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பின்பக்கத்து மூடியின் மேல் ஏறி, மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருப்புவதற்கு இடமில்லை. முதலாளி ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஒரு கையால் மூடியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். எஸ்டேட்டில் அந்தக் கார் கிடந்ததற்கே காரணம், ரிவர்ஸ் கியரில் பல் உடைந்துபோனதுதான். சீமையிலிருந்து அதை வரவழைக்க வழியில்லை. நானே ஒரு எஃகுத் துண்டை எடுத்து, கண்ணால் பார்த்து, கையால் அளந்து, பல் வெட்டி, பதம் காய்ச்சிப் போட்டேன். பட்டறை வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்புவதற்கு மேல் அதற்கு ஒருநாளும் வேலை வந்ததில்லை. இப்போது அரை மைல், அதுவும் மூன்று பேர் பாரத்தோடு. கியர் 'ஞொய்...' என்று முனகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு குழியிலும், இதோ உடைந்தது என்று நினைத்தேன். உடையவில்லை. முதலாளி கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு அந்தச் சந்தில் வேலியில் ஒரு இலைகூட உரசாமல் பின்னோக்கி ஓட்டினார். பந்தயக்காரர் பந்தயக்காரர்தான்.

வண்டி பின்னோக்கிப் போவதால், பின்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் பந்தல் நேர் எதிரில் வந்தது. இட்டேரி முடிந்து களத்துக்குள் நுழைந்தோம். கையில் மாலையோடு, தலையெல்லாம் புழுதியோடு, சாமி ஊர்வலம் வருகிற மாதிரி நான் வருகிறேன். மேளக்காரர் ஒரு நொடி நிறுத்திவிட்டு, என்ன நினைத்தாரோ, கெட்டி மேளமாக வாசித்துத் தள்ளிவிட்டார். கூட்டம் எழுந்து நின்றது. அருமைக்காரர் மாமன் வந்தாச்சு என்று சத்தமாகச் சொன்னார். பங்காளி இடுப்புத் துண்டை அவிழ்த்துக்கொண்டே, "ஏப்பா, உன்ற காரு முன்னாடி போகவே போகாதா?" என்று கேட்டார்.

"மாமன் முறைய உட மாட்டான்னு காட்டத்தான் பின்னாடி வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது அவ்வளவுதான்.

என் தங்கை ஓடிவந்து தன் முந்தானையால் என் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வருவீங்கன்னு தெரியுமுங்ணா. இப்படி வருவீங்கன்னுதான் தெரியாது" என்றாள். பெண்ணுக்கு மாலை போட்டேன். கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தேன். அவள் மெதுவாக என் காதில், "மாமா, உங்க முடியில வேலி இருக்குது" என்றாள். தடவிப் பார்த்தேன், ஒரு கிளுவைக் குச்சி.

சாப்பாட்டுக்குப் பிறகு டிராக்டரைக் கட்டி, மண்மேட்டைச் செதுக்கி, கறுப்புக் காரை வெளியே எடுத்தோம். இரண்டு பக்கமும் கோடு கோடாகக் கீறல். முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. நானே பட்டறைக்குக் கொண்டுபோய், பெயிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிது மாதிரி ஆக்கினேன். எடுத்துப்போக வந்தவர், இப்போது உங்கள் வண்டி மேல் ஆசை இன்னும் கூடிப்போயிற்று, முடிவு என்னவென்று கேட்டார்.

நான் மனைவியைக் கூப்பிட்டேன். காற்றில்லாத இடத்தில், பட்டறைக்குள், தெளிவாகக் கேட்டேன். அவளும் தெளிவாகச் சொன்னாள்.

"காரு வேண்டாமுங்க. அந்தச் சீட்டு மட்டும் வேணும்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை, வேலையாகப் பட்டது. கோயமுத்தூர்க்காரனிடம் ஒரு சாமானைக் காட்டினால் போதும், அதே மாதிரி ஒன்று செய்துபோடுவான். அவர் சம்மதத்தோடு அந்தச் சீட்டை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டேன். உள்ளே ஸ்பிரிங் எப்படி, பஞ்சு எப்படி, முதுகுக்கு எந்த இடத்தில் மேடு என்று பார்த்துக்கொண்டேன். காரை அவர் எடுத்துப்போனார். கொஞ்ச நாளில் என் வண்டியின் இடப்பக்கத்தில் அதே சீட்டு, கொஞ்சம் சின்னதாக. பக்கத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு, மேலே மடிக்கிற மாதிரி ஒரு கான்வாஸ் கூரை. இப்போது நான் சொல்வதெல்லாம் அவளுக்குக் கேட்கிறது. பாதிக்கு மேல் வேண்டாம் என்கிறாள். அந்தச் சீட்டு வந்த பிறகு நான் எந்தத் தோப்பும் வாங்கவில்லை.

நான் போக வேண்டிய வீடுகளுக்கெல்லாம் வழி இட்டேரிதான். அந்த வழியில் நுழையாத காரை வாசலில் நிறுத்தி ஊருக்குக் காட்ட நினைத்தேன். ஊர் பார்த்ததென்னவோ பின்புறமாக வந்த என் வண்டியைத்தான், அதைத்தான் இன்றைக்கும் பேசுகிறது.

பேசுகிறது, ஆனால் சரியாகப் பேசவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கல்யாணக் கதை வரும், வந்ததும் மில் முதலாளிதான் சமயத்தில் மாமனைக் கொண்டுவந்து சேர்த்தார் என்பார்கள். கல்யாண வீடியோவிலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் அவர் முகத்தைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். ஓட்டினது அவர்தான், அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு, அவரைப்போல ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் அரை மைல் தூரம் முனகிக்கொண்டே எங்களை இழுத்துவந்து, என் தங்கை மகளின் கையை என் கையில் கொடுத்த அந்தப் பல் சீமையில் வெட்டியதல்ல, பீளமேட்டில் நான் வெட்டியது. அதனால் இனிமேல் அந்தக் கதையை யார் எங்கே சொன்னாலும், மாமன் வந்தது மாமன் செய்த வண்டியில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.